துப்பறிய வந்த தாய்மாமன்

துப்பறியும் ஆளைக் கண்டாலே எனக்குக் குமட்டும். நிஜத்தில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நான் சொல்வது பேசாத படக் காலத்துக் கோமாளித் துப்பறிவாளனை. அந்தக் காலத்தில் துப்பறியும் கதைகளைக் கேலி செய்வதற்கென்றே சின்னச் சின்னச் சிரிப்புப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். கட்டம் போட்ட தொப்பி, கையில் பூதக்கண்ணாடி, மூக்குக்குக் கீழே ஒட்டு மீசை. பிணத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிணத்தைத் தேடுவான். தரையில் காலடித் தடம் பார்த்து ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் அது தன் சொந்தக் காலடி என்று கண்டுபிடிப்பான். அதுவரைக்கும் சரி. ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரு இடத்தில் அவன் ஒரு பெண்ணின் அறைக் கதவு முன்னால் குனிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைப்பான். அங்கே நாம் சிரிக்க வேண்டுமாம். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. அந்தக் குனிந்த முதுகில் ஓங்கி ஒரு மிதி மிதிக்கத்தான் தோன்றும்.

மிதிக்க முடியாது. அந்த முதுகுக்குச் சத்தம் போட வேண்டும். அதுதான் என் வேலை.

உரிமைக் காலம் முடிந்துபோன இந்தப் பழைய படங்களை எடுத்து, சத்தம் சேர்த்து, இணையத்தில் எங்கள் சேனலில் போடுவோம். வசனம் கிடையாது. நடக்கிற சத்தம், விழுகிற சத்தம், அறைகிற சத்தம், அலறல், அவ்வளவுதான். பாஷை தேவையில்லை என்பதால் சோறு ஊட்டும்போது பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல கிராக்கி. முதலாளி முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். நாங்கள் என்றால் நானும், மேலூரிலிருந்து வருகிற ஒரு அக்காவும். அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. அலறல், அழுகை, தும்மல் எல்லாம் அவர் பொறுப்பு. அடி உதை எல்லாம் என் பொறுப்பு.

கன்னத்தில் விழுகிற அறைக்குப் புரோட்டாக் கடையில் பிசைந்த மாவு ஓர் உருண்டை வாங்கிவந்து பலகையில் ஓங்கி அடிக்க வேண்டும். நிஜமாகக் கன்னத்தில் அடித்தால்கூட அவ்வளவு பாந்தமாகக் கேட்காது. எலும்பு முறிய முருங்கைக்காய். மண்டை உடையச் சுரைக்காய். மதுரை பரவை மார்க்கெட்டில் என் அப்பாவுக்குக் காய்கறிக் கடை இருக்கிறது. அடிபட்டு விலைபோகாத காய்களை அவரே ஒதுக்கி ஒரு சாக்கில் போட்டுத் தருவார். காலையில் நான் கிளம்பும்போது, "ஏத்தா, இன்னைக்கி எத்தன மண்ட வேணும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் அவருக்கு ஒரு பெருமை.

வேலை நடப்பது ஒத்தக்கடையில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில். மேலூர் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டேதான் போகும். அந்தச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலையெல்லாம் அடைத்து, சுவர் முழுக்கப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்திக் கட்டியிருக்கிறோம். தரையிலும் மெத்தைதான். கோடைக்காலத்தில் உள்ளே இருந்தால் வெந்துபோவோம். குளியலறைப் பக்கம் ஒரு சின்னக் காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்காமல் விட்டிருந்தோம், மூச்சு முட்டிச் செத்துவிடக் கூடாதே என்று.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. காடு கரை உள்ள குடும்பம். பையன் மதுரையிலேயே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொல்லி எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். எல்லாப் பையன்களும் சமைக்கத் தெரியுமா, வேலையை விட்டுவிடுவாயா என்று ஆரம்பிப்பார்கள். இவர், "மண்ட ஒடையிற சத்தம் எதுல எடுப்பீங்க?" என்று கேட்டார். சுரைக்காய் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றேன். "தாராளமா போங்க, வீட்டுல மிச்சமாகுற சொரக்காயும் கொண்டுபோங்க" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே பிடித்துவிட்டது. அவருக்கும் பிடித்திருந்தது. "விசாரிச்சுட்டுச் சொல்லுறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டார் கிளம்பினார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான். எங்கள் பக்கம் பெண்ணைப் பார்த்து, பிடித்து, பஜ்ஜி சொஜ்ஜியும் தின்று முடித்த பிறகுதான் விசாரணை ஆரம்பிக்கும். மாப்பிள்ளையையும் விசாரிப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சம்பளம் எவ்வளவு, குடிப்பாரா, அத்தோடு சரி. பெண்ணை விசாரிப்பதற்கு மட்டும் எல்லையே கிடையாது. தெருவில் இஸ்திரி போடுகிறவர், பால்காரர், பக்கத்து வீட்டு வேலைக்காரம்மா, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளின் மாமியார் வரைக்கும் கேட்பார்கள். அதுவும் நேராகப் போய், நாங்கள் மாப்பிள்ளை வீடு, பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் மரியாதைக் குறைச்சல். வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி போக வேண்டும். இந்தக் காரியம் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு உரியது. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பது போல இதுவும் ஒரு கௌரவம். கௌரவமாம்!

அந்த மாமாவை, விசாரிக்க வந்த முதல் நாளே நான் பார்த்துவிட்டேன். ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எனக்குப் பின்னாலேயே ஒருவர் இறங்கினார். புத்தம்புதுத் தொப்பி, விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி. கையில் நான்காக மடித்த பேப்பர். நான் நடந்தால் நடந்தார். நான் நின்றால், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது குனிந்து செருப்பைச் சரி பண்ணினார். ரப்பர் செருப்பில் சரி பண்ண என்ன இருக்கிறது? எங்கள் படங்களில் வருகிற கோமாளி இவரிடம் கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டும். விசாரிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று புரிந்தது. உள்ளே போய் அண்ணனிடமும் அக்காவிடமும் நடித்துக் காட்டினேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவரை மறந்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த காட்சி இதுதான். வில்லன் கதாநாயகியை நாற்காலியில் கட்டிப்போட்டு, சவுக்கைக் காட்டி மிரட்டிக் கன்னத்தில் அறைகிறான். துப்பறிவாளன் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு தன் மீசையைத் தேடுகிறான். நான் மாவை அடிக்க அடிக்க அக்கா அலற வேண்டும். அண்ணனுக்குத் திருப்தியே வராது. "பத்தல, இன்னும் ஓங்கி அடி" என்பார் என்னிடம். "நல்லா அழுங்க, வலிக்கிற மாதிரி அழுங்க" என்பார் அக்காவிடம். மதியச் சாப்பாடு வரைக்கும் அடித்தேன். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இரண்டொரு நாள் கழித்துத் தரகரிடமிருந்து போன் வந்தது. நானும் அப்பாவும் அம்மாவும் வீட்டில்தான் இருந்தோம். அப்பா எப்போதும் போல ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. பொண்ணு வேல பாக்குற எடம் சரியில்லையாம். சன்னலெல்லாம் அடச்சு வச்சிருக்காய்ங்களாம். வீடு பூராம் மெத்தையாம். உள்ள ஒரு பொம்பளைய அடிக்கிற சத்தமாம். அது கெடந்து கதறுதாம். ஒரு ஆம்பள, பத்தல இன்னும் ஓங்கி அடிங்கிறானாம். அம்புட்டையும் அவுக மாமன் தன் காதாலயே கேட்டுருக்காரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவையும் அம்மாவையும் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னடி இது என்று கேட்கவில்லை. முதலில் கதவைத்தான் சாத்தினாள்.

அலைபேசியை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். எது மாவு, எது அக்காவின் தொண்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏதோ செய்த குற்றத்துக்குச் சாட்சி கொண்டுவந்து வைக்கிற மாதிரி இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா, இதுக்கா அந்தாளு அப்பிடிச் சொன்னான்?" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு, "எதுக்கும் கொஞ்ச நாளைக்கி வேலைக்கிப் போகாத" என்றாள். அப்பா படத்தை முழுசாகப் பார்த்தார். "சரித்தா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. என் வீட்டில் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நம்பினேன். மறுநாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மாப்பிள்ளை எனக்கு நேரடியாகப் போன் செய்தார். குரலே கம்மிப் போயிருந்தது. "மாமா செஞ்சது தப்புதான். நான் அவரக் கூட்டிக்கிட்டு அங்கயே வாரேன். அவரே கண்ணால பாக்கட்டும்" என்றார். என்னை நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மாமா கண்ணால் பார்க்கட்டும் என்றார். அந்த வித்தியாசம் அப்போதே உறுத்தியது. ஆனாலும் மனசு அவர் பக்கம்தான் சாய்ந்தது. அவராவது வெட்கப்பட்டாரே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

சொன்னபடி இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் பக்கத்துக் கடையில் காபி சொல்லியிருந்தார். மாமா மெத்தையைத் தட்டிப் பார்த்தார். மைக்கை உற்றுப் பார்த்தார். மாவை வாங்கித் தானே பலகையில் ஓங்கி அடித்தார். "அடேங்கப்பா, அசல் அறை மாதிரியில்ல கேக்குது!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். மன்னிப்பு என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தான் துப்புத் துலக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். டீக்கடையில் வீடு வாடகைக்குக் கேட்டாராம். யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். சந்துக்குள் நுழைந்து, கவிழ்ந்து கிடந்த பக்கெட்டின் மேல் ஏறி, குளியலறைத் துவாரத்தில் கண்ணை வைத்தாராம். "கீழ விழுந்துருந்தா இடுப்பு ஒடஞ்சிருக்கும் மாப்ள" என்று மருமகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குளியலறைத் துவாரம். நானும் அக்காவும் முகம் கழுவுகிற, உடை மாற்றுகிற இடம். அதில் இந்த ஆள் கண்ணை வைத்திருக்கிறார். அதை எங்களிடமே, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. படத்தில் வருகிறவன் கோமாளி என்று அதை எடுத்தவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். இங்கே அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்கிறோம்.

அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்த அக்கா, கட்டிப்போன தொண்டையோடு கேட்டார். "ஏண்ணே, உள்ள ஒரு பொம்பளையக் கட்டிவச்சு அடிக்கிறாய்ங்கன்னுதான நெனச்சீக?"

"ஆமாத்தா, கதறுன கதறல் அப்பிடியில்ல இருந்துச்சு!"

"அப்ப ஏன் கதவத் தட்டல?"

மாமாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நமக்கெதுக்குத்தா ஊரு வம்பு? நான் பொண்ணப் பத்தி விசாரிக்கத்தான வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தார்.

ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பக்கெட்டிலிருந்து பதவிசாக இறங்கி, டி. கல்லுப்பட்டி பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய், பெண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். இதற்குமேல் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வாசல் வரைக்கும் வந்து, "மாமா அப்பிடித்தாங்க, வயசாயிருச்சு. நாம தனியாத்தான் இருக்கப்போறோம்" என்றார். மாமா திரும்பி எனக்குப் பட்டம் கொடுத்தார். "நல்லா வெசாரிச்சாச்சுத்தா. நீ தங்கமான பிள்ள. இனி ஒரு கொறையும் இல்ல." நான் ஏதோ கேஸில் விடுதலையானவள் போல அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன கேஸ், யார் போட்டது, நான் எப்போது கூண்டில் ஏறினேன்? அந்த விடுதலையில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அன்று சாயங்காலம் பரவைக்குத் திரும்புகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பையன் கெட்டவரில்லை. கொஞ்சம் கோழை, அவ்வளவுதான். கூட இருந்தால் மாற்றிவிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். மாமா எப்படியும் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். என் வீட்டில் என்னை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தைரியத்தில் எந்த வீட்டுக்கும் போகலாம் என்று பட்டது. சரியென்றே சொல்லிவிடலாம் என்ற முடிவோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அதற்குள் தரகர் போன் செய்திருந்தார். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாத்தா, கடைசீல அவிங்களே வந்து ஒத்துக்கிட்டாய்ங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"நீங்கதான் நான் காட்டுன அன்னைக்கே நம்பிட்டீங்களேப்பா" என்றேன்.

"நம்பாம? ஆனா வெறும் நம்பிக்கைய வச்சுக்கிட்டு அடுத்தவன்கிட்டப் பேச முடியுமா? அதான் மறுநாளே நானும் ஒத்தக்கடைக்கிப் போயி ஒரு எட்டு விசாரிச்சுட்டு வந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. யாரை விசாரித்தீர்கள் என்று கேட்டேன்.

"அட, ஒன்னையத்தான்!" அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வண்டியில போனேன். தலையில ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. டீக்கடை அம்மாகிட்ட, அந்த வீட்டுக்கு வேலைக்கி வருதே ஒரு பொண்ணு, எப்பிடி ஆளுன்னு கேட்டேன். எங்க பையனுக்குப் பாக்குறோம்னு ஒரு பொய்யப் போட்டேன். நான் யாருன்னு அதுக்குத் தெரியவே இல்லத்தா! குனிஞ்ச தல நிமிராம வரும், போகும், அப்பிடி ஒரு பிள்ளன்னுருச்சு. இஸ்திரிக்காரரும் அதேதான் சொன்னாரு. ஒருத்தர்கூட ஒன்னையக் கொற சொல்லலத்தா. அதுக்கப்பறந்தான் எனக்கு நிம்மதியா ஒறக்கம் வந்துச்சு."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "நாந்தான் போகச் சொன்னேன்" என்றாள். அவளுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டியிருந்தது.

தினமும் காலையில் மண்டை எத்தனை வேண்டும் என்று கேட்டு, சுரைக்காயைத் தன் கையால் சாக்கில் எடுத்துப் போட்ட மனிதர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று இந்தப் பூமியில் என்னைவிட்டால் அவருக்குத்தான் அதிகம் தெரியும். மாமா மேல் வந்த அருவருப்பைக் காறித் துப்பிவிடலாம். இதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"டீக்கடைக்காரம்மா கெட்டதாச் சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தபடியே என்னைப் பார்த்தார். "அதான் சொல்லலயேத்தா."

"சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"ஏன் இப்பிடிக் கேக்குற? அதான் ஒருத்தரும் சொல்லலங்கிறேன்ல?"

மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. அம்மா கேசரியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதை அப்படியே கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய், டி. கல்லுப்பட்டிக்காரருக்குப் போன் செய்து இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னேன். மாமாவினாலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார். பிறகு தேறிவிட்டார். இப்போது மார்க்கெட்டில் யாராவது மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்டால், கையிலிருக்கிற தராசைக் கீழே வைத்துவிட்டுக் கோபமாகச் சொல்கிறார். "ஒரு எடம் வந்துச்சுண்ணே. எம்மகளப் போயி வேவு பாத்துருக்காய்ங்க. அப்பிடிப்பட்ட வீட்டுல குடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க?"